பித்தளைக் கூடும் ஏழு வருஷமும்

துப்பாக்கித் தோட்டா பத்தி ஒரு பதிவு போடப் போறேன்னு சொன்னதும் நண்பர் கேட்ட முதல் கேள்வி, "ஆட்டோ வராதா மாப்ள?" வராது. யாரையும் சுடச் சொல்ற பதிவு இல்ல இது. ரைபிள் சுடுறதை விளையாட்டா எடுத்துக்கிட்ட ஒருத்தன், தன் துப்பாக்கிக்கு அளவா பொருந்துற தோட்டாவைத் தானே தயார் பண்ணிக்க நம்ம நாட்டுல வழி இருக்கணுமா வேண்டாமாங்கறதுதான் மேட்டர். இருக்கணும்ங்கறது என் கட்சி. ஆனா அவனவன் வீட்டு மாடியில இல்ல. எங்கேங்கறதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல வார்த்தைகளைப் பிரிச்சுக்குவோம். நாம எல்லாத்தையும் 'தோட்டா'ன்னு ஒரே பேர்ல சொல்லிடுறோம். அதுல நாலு சமாச்சாரம் இருக்கு. பின்பக்கம் ஊசி குத்தினா பொறி கிளப்புற சின்ன மூடி, அது பிரைமர். உள்ள வேகமா எரியற மருந்து. முன்னாடி பறந்து போற குண்டு. இது மூணையும் ஒண்ணாப் புடிச்சு வச்சிருக்கற பித்தளைக் கூடு. சுட்டதும் மூணு காலி. கூடு மட்டும் அப்படியே வெளிய வந்து விழும். விலையிலயும் வேலைப்பாட்டுலயும் பெரிய பங்கு அந்தக் கூடுதான். அதைத் தூக்கிப் போடாம மறுபடி அளவுக்குக் கொண்டு வந்து, புது பிரைமர், மருந்து, குண்டு வச்சு திரும்பத் தோட்டாவாக்கறதுதான் ரீலோடிங். அமெரிக்காவுல, ஐரோப்பாவுல இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. நம்ம ஊர்ல தாத்தாமாரு தூண்டில் நரம்பு கட்டுற மாதிரி, ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்து செய்வாங்க.

காசு மிச்சம்ங்கறது ஒரு காரணம்தான். உண்மையான காரணம் அளவு.

மதுரைக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். புதுமண்டபத்துத் தையல்காரர்களை ஞாபகம் இருக்கா? (இப்ப அந்தக் கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருச்சு. தூணுக்குத் தூண் மிஷின் ஓடுற அந்தச் சத்தம் போனது போனதுதான்.) துணியைக் குடுத்தா உடம்பை அளந்து தைச்சுக் குடுப்பாங்க. பெரிய கடை ரெடிமேட் சட்டை அப்படியா? ஒல்லிக்கும் குண்டுக்கும் நடுவுல ஒரு அளவுல வெட்டியிருப்பான். போட்டுக்கலாம், குத்தம் சொல்ல முடியாது. ஆனா அது உங்க சட்டை இல்ல.

கம்பெனித் தோட்டா ரெடிமேட் சட்டை. எந்தக் கம்பெனி செஞ்சாலும், உலகத்துல இருக்கற அந்த ரகத் துப்பாக்கி எல்லாத்துலயும் உள்ள போகணும். அதனால இருக்கறதுலயே இறுக்கமான சேம்பருக்கும் பொருந்துற மாதிரி கொஞ்சம் சின்னதாத்தான் செய்வாங்க. அது அவங்க பிழை இல்ல, அப்படித்தான் செய்யணும். உங்க துப்பாக்கி சேம்பர் கொஞ்சம் தளர்வா இருந்தா கூடு உள்ள லேசா ஆடும். குண்டு குழலுக்கு நேரா நிக்காம முடியளவு சாஞ்சு கிளம்பும். பத்து மீட்டர்ல அது தெரியாது. முந்நூறு மீட்டர்ல தெரியும்.

இதுல ஒரு அழகு இருக்கு. ஒரு தடவை சுட்டதும் அந்தப் பித்தளை உள்ளே கிளம்பற அழுத்தத்துல விரிஞ்சு சேம்பர் சுவத்துல ஒட்டி, துளி சுருங்கி வெளிய வருது. அதாவது உங்க துப்பாக்கியே அந்தக் கூட்டுக்கு அளவெடுத்துத் தைச்சுக் குடுத்துடுது! ரீலோட் பண்றவன் அந்த அளவைக் கெடுக்காம, குண்டைப் புடிக்கிற கழுத்தை மட்டும் இறுக்கிக்கிறான். அடுத்த தடவை அது அந்தத் துப்பாக்கிக்குன்னே பொறந்த தோட்டா. பக்கத்து வீட்டுத் துப்பாக்கியில போட்டா மாட்டாமலும் போகலாம்.

இந்தப் 'பொருத்தம்' பைத்தியம் சின்னத் துப்பாக்கியிலேயே ஆரம்பிச்சுடும். ஏர் ரைபிள் பழகற பசங்க பெல்லட் டப்பாவைத் திருப்பிப் பாருங்க: 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர்னு தலை அளவு போட்டிருக்கும். நூத்துல ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு ஒரு டப்பா! ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல வெண்கலம் வாங்கினாரே 50 மீட்டர் ரைபிள், அதுல சுடுற .22 தோட்டாவை ரீலோட் பண்ண முடியாது. அதுல தனி பிரைமர் கிடையாது, பொறி மருந்து கூட்டோட விளிம்புக்குள்ளயே இருக்கும், ஊசி விளிம்பை நசுக்கிடும். அதனால பெரிய வீரர்கள் என்ன பண்றாங்கன்னா, ரைபிளையே தூக்கிட்டு இங்கிலாந்துல பர்மிங்காம் ஈலி கம்பெனிக்கோ, ஜெர்மனியில லாபுவாவோட சோதனைக் கூடத்துக்கோ போறாங்க. ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியா சுட்டுப் பார்த்து, தன் குழலுக்கு ஒத்துப் போற தொகுதியை மொத்தமா வாங்கிட்டு வர்றாங்க. காசு இருக்கறவனுக்கு அது வழி. நடுவுல பிரைமர் வச்ச பெரிய ரகத் தோட்டாவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்ல, ஒரு மேசையும் பொறுமையும் போதும்.

மேசையில என்ன இருக்கும்? நெம்புகோல் வச்ச ஒரு பிரஸ், அதுல திருகி மாட்டற டைகள், வெர்னியர் காலிப்பர், தராசு, அச்சிட்ட அளவுப் புத்தகம். வேலையில பாதி அந்த டையை செட் பண்றதுதான். கொஞ்சம் கூட இறக்கிட்டா கூடு தேவைக்கு மேல சுருங்கிடும். ஏத்திட்டா சேம்பருக்குள்ள முழுசா உக்காராது. இடையில ஒரு நூலளவு இடம், அதைத் தேடிப் புடிக்கணும். தராசு 'கிரெயின்' கணக்குல நிக்கும். நம்ம கணக்குல சொன்னா பாதிக் குண்டுமணி. தெற்காவணி மூல வீதி நகைப் பட்டறை ஆசாரிகளைக் கூப்பிட்டு உக்கார வச்சா, இந்த வேலையை நம்மளை விட சுத்தமாச் செய்வாங்கன்னு எனக்கு ஒரு நம்பிக்கை. மருந்து எவ்வளவுன்னு இங்க எழுத மாட்டேன். புத்தகம் சொல்ற அளவைத் தாண்டினா துப்பாக்கி கையிலயே சிதறும். இணையத்துல எவனோ சொன்னதைக் கேட்டு ஊத்துற சாமான் இல்ல அது.

பொருந்தாத குண்டு எங்க மண்ணுக்குப் புதுசும் இல்ல. 1763-64ல கான்சாகிப் யூசுப்கான் மதுரைக் கோட்டைக்குள்ள இருந்துகிட்டு நவாபையும் கும்பினியையும் மாசக்கணக்கா தண்ணி காட்டினாரே, அந்தக் காலத்துக் கும்பினி மஸ்கட் குழல் முக்கால் அங்குல அகலம். உள்ள போட்ட ஈயக் குண்டு 0.69 அங்குலம். வேணும்னே சின்னதாப் பண்ணாங்க. நாலு சுற்று சுட்டதும் கரி படிஞ்சுடும், இறுக்கமான குண்டு இறங்காது, எதிரி அதுக்குள்ள வந்து நிப்பான். விளைவு, குண்டு குழலுக்குள்ள அங்கயும் இங்கயும் முட்டிக்கிட்டுக் கிளம்பி எங்க போகும்னு சுட்டவனுக்கே தெரியாது. வரிசையா நிக்க வச்சு மொத்தமா சுடறது அதனாலதான். 1764 அக்டோபர் 15ல யூசுப்கானைத் தூக்குல போட்டாங்க. சம்மட்டிபுரத்துல அவர் சமாதி இருக்கு, போனா பாருங்க.

அப்புறம் ஒரு நூறு வருஷம் எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டது இந்த ஒரே கணக்குக்குத்தான்: உள்ள போகும்போது தளர்வா இருக்கணும், வெளிய வரும்போது இறுக்கமா இருக்கணும். அடி குழிஞ்ச மினியே குண்டு அதுக்கு விடை. சுட்டதும் பாவாடை மாதிரி விரிஞ்சு குழலைப் புடிச்சுக்கும். அந்தக் குண்டையும் மருந்தையும் காகிதத்துல சுத்தி கொழுப்பு தடவிக் குடுத்தாங்க என்ஃபீல்டு ரைபிளுக்கு. அந்தக் கொழுப்பு என்ன கொழுப்புங்கற கேள்வியில 1857 வெடிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் வந்த பித்தளைக் கூடுதான் இந்த ரெண்டு பக்க இழுபறியை முடிச்சு வச்சது.

(ஒரு இடைச்செருகல். பித்தளைக் கூட்டுல பிரைமர் ரெண்டு வகை. பெர்டான் வகையைக் கண்டுபுடிச்சவர் அமெரிக்கர், பாக்ஸர் வகை இங்கிலாந்துக்காரரோடது. இப்ப அமெரிக்காவுல எல்லாரும் பாக்ஸர்ங்கறான், ஐரோப்பா பட்டாளங்கள்ல நெறைய பெர்டான். பொண்ணு மாத்திக் கட்டின கதை. ரீலோட் பண்றவனுக்கு பாக்ஸர்தான் தோது, பழசைக் குத்தித் தள்ளிடலாம். பெர்டான் தலைவலி.)

சரி, இன்னைக்கு நம்ம பக்கத்துல யார்கிட்ட ரைபிள் இருக்கு? திருமங்கலம் பக்கம் நண்பனோட சித்தப்பா ஒருத்தர்கிட்ட .315 இருக்கு. அந்த .315க்கும் ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் பட்டாளத்துல ஓடுற .303, பொதுஜனம் கையில போகக்கூடாதுன்னு வச்சிருந்தான். பட்டாளத்துத் தோட்டா திருடு போனாலும் வெளிய இருக்கற துப்பாக்கிக்குப் பொருந்தக் கூடாதுங்கற கணக்கு. 1907ல .450 ரகத்தையும் இதே பயத்துல தடுத்தான். அதனால ஆஸ்திரியாக்காரனோட 8 மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டாவை எடுத்து, லீ என்ஃபீல்டு அமைப்புல சுடுற மாதிரி பண்ணி, .315ன்னு பேர் வச்சு வித்தாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியும் அதையே தொடர்ந்துச்சு. ஆக, வேணும்னே பொருந்தாம இருக்கறதுக்குன்னு தேர்ந்தெடுத்த ரகம் அது. இன்னைக்கு வரைக்கும் சாதாரண லைசென்ஸ்காரர் ரைபிள் வாங்கணும்னா முதல்ல காதுல விழற பேரு அதுதான்.

"சித்தப்பா, இதை எத்தனை தடவ சுட்டிருப்பீங்க?"ன்னு கேட்டேன்.

"ஏப்பா, சுடறதுக்கா வச்சிருக்கேன்? எலெக்சனுக்கு எலெக்சன் ஸ்டேஷன்ல குடுத்துத் திருப்பி வாங்கத்தான வச்சிருக்கேன்" அப்படின்னார்.

காமெடி இல்ல. 1972ல வனவிலங்குச் சட்டம் வந்ததும் வேட்டை முடிஞ்சது, நல்லதுதான். ஆனா துப்பாக்கியை வச்சிருக்கறவன் அதைச் சுட்டுப் பழகணுமா இல்லையா? அவர்கிட்ட இருக்கற சொச்சத் தோட்டா எந்தக் காலத்துல வாங்கினதுன்னு அவருக்கே ஞாபகம் இல்ல. வருஷத்துக்கு இவ்வளவுன்னு லைசென்ஸ்ல போட்டிருக்கறதை வாங்கவும் அலையணும், விலையும் கொஞ்சமில்ல. பழகாத கை, பழைய தோட்டா, துப்பாக்கி மட்டும் எண்ணெய் போட்டுப் பளபளன்னு. இதைவிட ஆபத்தான கூட்டணி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 1959 ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவு. லைசென்ஸ் இல்லாம ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது. நியாயம். ஆனா 'தோட்டா'ன்னா என்னன்னு 2ஆம் பிரிவுல விளக்கம் குடுக்கறாங்க பாருங்க, அங்கதான் சூட்சுமம். தோட்டாவோட பாகங்கள், தோட்டா தயாரிக்கிற இயந்திரம், எல்லாமே சட்டத்தோட பார்வையில தோட்டா! அதாவது மேசையில திருகி வச்சிருக்கற அந்த இரும்பு பிரஸ்ஸும் தோட்டா. 2019 டிசம்பர்ல திருத்தம் கொண்டு வந்தாங்க: லைசென்ஸ் இல்லாத தயாரிப்புக்குக் குறைஞ்சது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள். கள்ளத் துப்பாக்கிப் பட்டறை நடத்தறவனுக்கு அது சரியான தண்டனை. முறையா லைசென்ஸ் வாங்கி, வருஷா வருஷம் கணக்கு காட்டி, தான் சுட்ட கூட்டையே திரும்ப அளவு பண்ணிக்கிறவனும் அதே கூண்டுலதான் நிக்கணும். ரெண்டு பேருக்கும் வித்தியாசம் சொல்ல அந்த வாசகத்துல ஒரு வார்த்தை இல்ல.

இன்னொரு பக்கம், துப்பாக்கி சுடறதை வளக்கறோம்னு அரசாங்கமே சொல்லுது. 2020 பிப்ரவரியில விளையாட்டு வீரர்களுக்கான தோட்டா அளவை உள்துறை அமைச்சகம் கூட்டுச்சு. வரவேற்கிறேன். தமிழ்நாட்டுலயும் சூடு புடிச்சிருக்கு. 2022ல திருச்சி ரைபிள் கிளப்ல நடந்த மாநிலப் போட்டிக்கு அஜித் வந்ததும் கூடின கூட்டம் தெரியும்ல! (தல ரசிகர்கள்ல பத்துப் பேராவது அதுக்கப்புறம் கிளப்ல சேர்ந்திருந்தா எனக்கு சந்தோஷம்.) நம்ம புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக் ட்ராப் போட்டி வரைக்கும் போனார். ஆனா ஏர் ரைபிள், .22 தாண்டி பெரிய ரகத்துக்குப் போகணும்னு நெனைக்கிற மேலூர்ப் பையனுக்கு வழி என்ன? இறக்குமதித் தோட்டாவுக்குத் தகுதி வேணும். தகுதிக்கு ஸ்கோர் வேணும். ஸ்கோருக்குத் தோட்டா வேணும். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம்ங்கற கதைதான்.

வயிறு எரியறது எங்கன்னா, இதுக்கான சாமான் எல்லாம் நம்ம மாநிலத்துலயே தயாராகுது. நீலகிரி அருவங்காட்டுல 1903ல ஆரம்பிச்ச கார்டைட் ஃபேக்டரி, நூத்தி இருபது வருஷத்துக்கு மேல துப்பாக்கி மருந்து செய்யற ஊர். திருச்சியில 1966ல இருந்து ரைபிள் செய்யறாங்க. 2021 அக்டோபர்ல ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரிகளை ஏழு கம்பெனியாப் பிரிச்சாங்க. கம்பெனின்னு ஆனா யாவாரம் பண்ணணும்ல? கிளப்புகளுக்குன்னு சோதிச்ச மருந்து, பிரைமர், அதுக்கான அளவுப் புத்தகம் போட்டு விக்கலாமே. நான் பார்த்த வரைக்கும் யாரும் அப்படி யோசிச்ச மாதிரி தெரியல.

"யோவ், எழுவது கிலோமீட்டர்ல சிவகாசி இருக்கு, அதை மறந்துட்டியா?"ன்னு கேப்பீங்க. மறக்கல. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ நாப்பது பேர். வேடிக்கை பார்க்கப் போனவங்களும் உதவி பண்ண ஓடினவங்களும் அதுல உண்டு. அந்தப் பக்கத்துல சொந்தபந்தம் இருக்கறவன் எவனும் 'வீட்டுல மருந்து வச்சுக்க விடுங்க'ன்னு வாய் திறக்க மாட்டான். நானும் கேக்கல. நம்ம வீடுகள் எப்படி? கீழ மளிகைக் கடை, மேல ரெண்டு குடித்தனம், மாடிப்படிக்கு அடியில கேஸ் சிலிண்டர். அமெரிக்காவுல ஆளில்லாத கேரேஜ்ல பண்றான்னு இங்க செல்லூர்ல பண்ண முடியாது.

இன்னொரு எதிர்ப்பும் வரும்: தோட்டா கள்ளத்தனமா வெளிய போகும். இதுல நான் ஒத்துப் போகல. நாட்டுத் துப்பாக்கி வச்சிருக்கறவன் வாய்வழியா மருந்தும் ரவையும் போட்டு இடிக்கிறான், அவனுக்கு டையும் வேண்டாம் வெர்னியரும் வேண்டாம். பன்னிக்கு அவுட்டுக்காய் வைக்கிறவனுக்கு எந்த பிரஸ்ஸும் தேவையில்ல. அளவு பார்த்து நூல் புடிச்சுச் செய்யறவன், ஒவ்வொரு கூட்டுக்கும் எத்தனாவது தடவைன்னு நோட்டுல எழுதி வைக்கிற ஆளு. கணக்கு வைக்கிறதுல அவனுக்கு இருக்கற கிறுக்கு ஸ்டேஷன் ரைட்டருக்குக் கூட இருக்காது.

அப்ப எங்க? ரைபிள் கிளப்புல. துப்பாக்கி வைக்கிற அறை, பூட்டு, பதிவேடு எல்லாம் அங்க ஏற்கனவே இருக்கு. கிளப் பேர்ல ஒரு லைசென்ஸ், மேசையோட அடிச்சுப் பொருத்தின பிரஸ், மருந்துக்குத் தனிப் பெட்டி, அளவுக்கு மேல ஒரு கிராம் கூட இருப்பு வைக்கக் கூடாது. உறுப்பினர் இத்தனை காலிக் கூடு கொண்டு வந்தார், இத்தனை தோட்டாவா எடுத்தார், இத்தனை அங்கேயே ரேஞ்சுல சுட்டார். வெளிய ஒண்ணு கூட எடுத்துட்டுப் போக முடியாது. இப்ப இருக்கற முறையை விட இதுல கணக்கு சுத்தமா இருக்கும்.

நான் புதுசா எதுவும் கண்டுபுடிக்கல. ஜெர்மனியில தனிநபர் ரீலோடிங்குக்கு வெடிபொருள் சட்டத்தோட 27ஆம் பிரிவுல பெர்மிட் வாங்கணும். அதுக்கு முன்னாடி வகுப்புக்குப் போய்த் தேர்வு எழுதணும், நன்னடத்தை விசாரணையும் உண்டு. இங்கிலாந்துல 2006ல வந்த சட்டத்துக்கு அப்புறம் பிரைமர் வாங்கவே சான்றிதழ் காட்டணும். ரெண்டுமே துப்பாக்கி விஷயத்துல கறாரான நாடுகள். அவங்க தடை போடாம கட்டுப்பாடு போட்டாங்க. நாம கிளப்போட நிறுத்திக்கிட்டா அவங்களை விடக் கறாராவே இருப்போம். பாராளுமன்றம் வரைக்கும் கூடப் போக வேண்டாம்னு நெனைக்கிறேன். 5ஆம் பிரிவே 'லைசென்ஸ் இல்லாம' கூடாதுன்னுதான சொல்லுது? அந்த லைசென்ஸைக் கிளப்புகளுக்குத் தர்ற மாதிரி விதிகளைத் திருத்தினா போதும். அது டெல்லி உள்துறை கையில. மாநிலத்துக்கு அதுல வேலை கம்மி, ஆனா கோட்டையில இருந்து ஒரு கடிதம் போகலாம்.

ஜெர்மனியில இருக்கற பதிவர்கள் யாராவது அந்த வகுப்புக்குப் போயிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, எத்தனை நாள், என்ன கேக்கறாய்ங்க, எவ்வளவு செலவுன்னு. இங்க ஒரு கிளப் செயலாளர் ஆர்வமாக் கேட்டுக்கிட்டு இருக்கார்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் ஆன்லைன்ல பிரஸ் ஆர்டர் போட்டுறாதீங்க மக்கா. பார்சலே தோட்டாதான், மேல சொன்னேன்ல :-)